ரோஸ்மேரி: இலையைத் திருப்பிப் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்

ஒரு ரோஸ்மேரி இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி மாதிரி இருக்கும். நீளம் 2 முதல் 4 செ.மீ., அகலம் 2 அல்லது 3 மி.மீ. மேற்புறம் கரும்பச்சையாக, மெழுகு பூசியதுபோல் வழவழப்பாக இருக்கும். இப்போது அதைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறம் வெளுத்துக் கிடக்கும். இலையின் இரண்டு ஓரங்களும் உள்பக்கமாகச் சுருண்டு, நடுநரம்பின் இருபுறமும் இரண்டு குறுகிய வாய்க்கால்போலத் தெரியும். அந்த வாய்க்கால் முழுக்கப் பஞ்சை அடைத்து வைத்ததுபோல் மெல்லிய மயிரிழைகள் இருக்கும்.

இலை சுவாசிக்கும் துளைகள் எல்லாம் அந்தப் பஞ்சுக்குள் ஒளிந்திருக்கின்றன. மேற்புறத்தில் துளைகள் கிடையாது. வெயில் நேரே அடிப்பது மேற்புறத்தில். ஈரம் வெளியேறுவதோ மறைவான அடிப்புறத்தில். உலர்ந்த காற்று வீசினாலும் அந்த மயிரிழைகள் துளைகளைச் சுற்றிக் கொஞ்சம் ஈரக்காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால், மயிரிழைகளுக்கு நடுவே மினுமினுக்கும் நுண்ணிய உருண்டைகளையும் பார்க்கலாம். அவைதான் எண்ணெய்ச் சுரப்பிகள். ஒவ்வொன்றின் மேலும் பலூன்போல ஒரு மெல்லிய தோல், அதற்கு அடியில் ஒரு துளி எண்ணெய். விரலால் நசுக்கும்போது அந்தத் தோல் உடைவதால்தான் வாசனை குப்பென்று வருகிறது. நசுக்காத இலையில் அவ்வளவு மணம் இருக்காது.

இந்தச் செடியை வளர்க்கத் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த இலையிலேயே எழுதியிருக்கிறது. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பதற்கென்றே அமைந்த உடம்பு இது. புதினாவுக்கு ஊற்றுவதுபோல இதற்கும் ஊற்றினால், செடி குடித்ததுபோக மிச்சமெல்லாம் வேரடியில் தேங்கி நிற்கும். ஆசையாக வாங்கி வந்த ரோஸ்மேரி இரண்டு மூன்று மாதங்களில் காய்ந்துபோனால், பெரும்பாலும் அது தண்ணீர் கிடைக்காமல் காய்ந்ததில்லை. தண்ணீர் அதிகமாகி வேர் அழுகி, அதனால் காய்ந்தது.

புதினாவின் சொந்தக்காரன்

துளசி, தும்பை, கற்பூரவல்லி, புதினா எல்லாம் ஒரே குடும்பம். ஏறத்தாழ 7,000 இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் அது. ரோஸ்மேரியும் அதில்தான் வருகிறது. இளந்தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டைகள் தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக ஜோடியாக இருக்கும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த ஜோடி வடக்கு தெற்காக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் குட்டிக் கிளைகள் சேர்ந்து முளைப்பதால், ரோஸ்மேரியில் இது கொத்துக் கொத்தாக இருப்பதுபோலத் தோன்றும். பூ இரண்டு உதடுகளாகப் பிளந்திருக்கும். காய்க்குள் நான்கு சிறு விதைகள். இவையெல்லாம் குடும்ப அடையாளங்கள்.

இந்தக் குடும்பத்தில் பலவும் ஈரத்தை விரும்பும் மென்தண்டுச் செடிகள். ஆனால் சில கிளைகள் வறண்ட மலைச்சரிவுகளுக்குப் போய், அங்கேயே தண்டு முற்றிக் கட்டையாகிப் புதர்களாக மாறிவிட்டன. லாவெண்டர், தைம், சேஜ், ரோஸ்மேரி எல்லாம் அப்படிப்பட்டவை. அடியில் மரக்கட்டை, நுனியில் பசுமை என்ற உடலமைப்பு இவை எல்லாவற்றுக்கும் பொது. கவாத்து செய்யும்போது இந்த விஷயம் திரும்ப வரும்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் ரோஸ்மரைனஸ் அஃபிசினாலிஸ். லத்தீனில் ‘ரோஸ்’ என்றால் பனித்துளி, ‘மரைனஸ்’ என்றால் கடல் சார்ந்தது. டி.என்.ஏ. ஆய்வுகளில் இது சேஜ் செடிகளின் பேரினமான சால்வியாவுக்கு உள்ளேயே அமர்வது தெரியவந்ததால், 2017இல் இதை சால்வியா ரோஸ்மரைனஸ் என்று சேர்த்துக்கொண்டார்கள். ஆசியாவின் வறண்ட நிலத்துப் புதரான ரஷ்யன் சேஜும் அதே ஆய்வில்தான் சால்வியாவுக்குள் வந்தது. நாற்றுப்பண்ணைச் சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் செடி ஒன்றுதான்.

பூவைப் பார்த்தால் இந்த மாற்றம் நியாயம் என்று தோன்றும். குடும்பத்தில் பெரும்பாலான பூக்களுக்கு நான்கு மகரந்தத்தாள்கள் இருக்கும். சால்வியாக்களைப் போலவே ரோஸ்மேரிக்கும் இரண்டுதான். வெளிர்நீலப் பூவின் கீழுதடு குழிந்த கரண்டிபோல நீட்டிக்கொண்டிருக்கும். அது தேனீ வந்து இறங்கும் மேடை. இரண்டு மகரந்தத்தாள்களும் மேலே வளைந்து நிற்கும். தேனீ உள்ளே தலையை விடும்போது அவை அதன் முதுகைத் தொடும். பூ விரிந்ததும் முதலில் மகரந்தம் முதிரும், மகரந்தத்தை வாங்கும் பெண் பாகமான சூல்முடி பிறகுதான் தயாராகும். அப்போது வேறொரு பூவிலிருந்து வரும் தேனீயின் முதுகிலிருந்து மகரந்தம் அதில் ஒட்டும். வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா நிறங்களில் பூக்கும் வகைகளும் உண்டு.

வாங்கும்போது இரண்டு போலிகளைக் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவின் வெஸ்ட்ரிஞ்சியா பார்ப்பதற்கு அப்படியே ரோஸ்மேரிபோல இருக்கும், ‘கடற்கரை ரோஸ்மேரி’ என்றே விற்பார்கள். அதன் இலைகள் கணுவைச் சுற்றி வட்டமாக, பெரும்பாலும் நான்கு நான்காக இருக்கும். கசக்கினால் வாசனை வராது. அது அழகுச் செடி, அவ்வளவுதான். இன்னொன்று, குளிர்ப் பிரதேசச் சதுப்புகளில் வளரும் ‘சதுப்பு ரோஸ்மேரி’. இது இந்தக் குடும்பமே இல்லை, நச்சுச்செடி. இலையைக் கசக்கி முகராமல் ரோஸ்மேரி என்று எதையும் வாங்க வேண்டாம்.

வெயிலில் நனைந்து பழக்கமில்லாத செடி

ரோஸ்மேரியின் சொந்த மண் மத்தியதரைக் கடலைச் சுற்றிய நிலம்: ஸ்பெயின், போர்ச்சுகல், தெற்கு பிரான்ஸ், இத்தாலி, மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா. சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில், கல்லிடுக்குகளில் வேரை ஆழமாக இறக்கி நிற்கும். ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை வளரும். சில இடங்களில் 2 மீட்டரையும் தொடும்.

அந்த நிலத்தின் பருவம்தான் முக்கியம். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடையில் மாதக்கணக்கில் மழையே இருக்காது. ஆகவே ரோஸ்மேரி குளிரில் நனையும், வெயிலில் காயும். சூடும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்து வருவது மட்டும் அதற்குப் பழக்கமே இல்லை.

சூடான ஈரமண்ணில் மூன்று கெடுதல்கள் ஒன்றாக நடக்கின்றன. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். அதே சூட்டில் வேர் வேகமாகச் சுவாசிப்பதால் அதற்கு ஆக்சிஜன் தேவை கூடும். இந்த இரண்டுக்கும் நடுவே வேர் மூச்சுத்திணறும்போது, பைட்டோப்தோரா, பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் உள்ளே நுழைகின்றன. இவற்றின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகக்கூடியவை. மண் இடுக்குகளில் தண்ணீர் நின்றால் அவற்றுக்கு அதுவே பாதை. குளிர்காலத்தில் ஒரு வாரம் ஈரமாக இருந்தும் ஒன்றும் ஆகாத செடி, கோடை மழையில் ஒரே வாரத்தில் செத்துப்போவது இதனால்தான்.

‘வறட்சி தாங்கும் செடி’ என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்ளவும் கூடாது. நிலத்தில் வேரூன்றி ஓராண்டு ஆன செடிக்குத்தான் அது பொருந்தும். அதன் வேர் ஆழத்திலிருந்து தண்ணீரைத் தேடி எடுத்துக்கொள்ளும். தொட்டியில் இருக்கும் செடிக்கு ஆழம் என்று ஒன்றில்லை. தொட்டி முழுக்கக் காய்ந்துவிட்டால் ரோஸ்மேரியும் சாகும்.

மண்கலவை

கைக்கு வந்த மண்ணில் நட்டுவிட்டு, தண்ணீரைக் குறைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது நடக்காது. தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றுவதைவிட, நிறைய ஊற்றினாலும் நிற்காமல் ஓடும் மண்ணை அமைப்பதே சரியான வழி.

10 லிட்டர் கலவைக்கு இந்த அளவு நன்றாக வரும்: தோட்டமண் 4 லிட்டர், 3 முதல் 6 மி.மீ. வரையுள்ள கற்குறுணை அல்லது பெர்லைட் (எரிமலைப் பாறையைச் சுட்டுப் பொரித்த இலேசான வெள்ளைக் குறுணை) 4 லிட்டர், நன்றாக மக்கிய உரம் 2 லிட்டர். கற்குறுணைக்குப் பதிலாகப் பருமணலும் போடலாம். ஆனால் சலித்து, தூசியைக் கழுவி எடுத்த பிறகுதான். பூச்சுவேலைக்குப் பயன்படும் நைஸ் மணலைப் போட்டால் அது மண் துகள்களுக்கு நடுவே உள்ள காற்று இடைவெளியை நிரப்பி, கலவையைச் செங்கல்லாக இறுக்கிவிடும். களிமண்ணோடு சேர்ந்தால் இன்னும் மோசம். தென்னைநார்த் தூளைப் பாதிக்குமேல் போடும் கலவைகளும் இந்தச் செடிக்கு ஏற்றவை அல்ல. மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கார அமிலத்தன்மை (pH) 6 முதல் 7.5 வரை இருந்தால் போதும். மண் அமிலமாக இருந்தாலொழியச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டியதில்லை.

கலவை சரியா என்று பார்க்க எளிய சோதனை: தொட்டியில் நிரப்பி ஒருமுறை நனைத்துவிட்டு, மேலே அரை லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். சில நொடிகளில் அது உள்ளே இறங்கி, அடித்துளை வழியாக வரத் தொடங்க வேண்டும். மேலே குளம்போல நின்றால் இன்னும் ஒரு பங்கு குறுணை சேர்க்க வேண்டும்.

தொட்டியின் அடியில் கல் அடுக்கு போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நடப்பது நேர்மாறு. எந்த மண்கலவையிலும் கடைசியாக ஒரு பட்டை அளவுக்குத் தண்ணீர் வடியாமல் தங்கும்; நனைந்த பஞ்சைப் பிடித்துத் தூக்கினால் அதன் அடிப்பாகம் மட்டும் ஈரமாக இருப்பதுபோல. அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது கலவைதான். அடியில் 5 செ.மீ. கல் போட்டால் அந்த ஈரப்பட்டை 5 செ.மீ. மேலே ஏறி, வேர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். கல்லை அடியில் அடுக்காமல் கலவை முழுக்கக் கலந்துவிடுங்கள். இதே காரணத்தால் தட்டையான தொட்டியைவிட ஆழமான தொட்டி நல்லது: ஈரப்பட்டை இரண்டிலும் ஒரே உயரம்தான், ஆழமான தொட்டியில் அதற்குமேல் காற்றோட்டமான மண் அதிகம் இருக்கும்.

சுடுமண் தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் போகும் என்பதால் ரோஸ்மேரிக்கு அதுவே முதல் தேர்வு. சிறு நாற்றை ஒரேயடியாகப் பெரிய தொட்டியில் வைக்க வேண்டாம். வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். பழைய தொட்டியைவிட 4, 5 செ.மீ. அகலம் கூடுதலாக இருந்தால் போதும். நாற்றுப்பண்ணையிலிருந்து வரும் வேர்க்கட்டி பெரும்பாலும் நார்த்தூளில் இறுகியிருக்கும். அதை அப்படியே புதுக் கலவையில் புதைத்தால் உள்ளே ஒரு ஈரம், வெளியே ஒரு ஈரம் என்று ஒட்டாமல் இருக்கும். வெளிப்பக்கம் ஒரு செ.மீ. அளவுக்கு விரலால் உதிர்த்து, சுற்றிச் சுற்றி ஓடும் வேர்களை வெட்டிவிட்டு நடுங்கள். தண்டின் கழுத்து பழைய மட்டத்திலேயே இருக்க வேண்டும்.

நிலத்தில் நடுவதானால், செடிக்குச் செடி 60 முதல் 90 செ.மீ. இடைவெளி. களிமண் நிலமாக இருந்தால் குழி வெட்டிக் கலவை நிரப்புவது ஆபத்து. சுற்றியுள்ள களி ஒரு பாத்திரம்போல ஆகி, குழிக்குள் தண்ணீர் சேரும். குழிக்குப் பதிலாக 15, 20 செ.மீ. உயர மேடு போட்டு, அதன்மேல் நடுங்கள். மண்ணின்மேல் மூடாக்கு போடுவதென்றால் வைக்கோலைத் தவிர்த்துச் சரளைக்கல் பரப்புங்கள்.

எப்போது தண்ணீர்

‘எத்தனை நாளுக்கு ஒருமுறை’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே கூடாது. ஒரே தொட்டி கடும் வெயிலில் 2, 3 நாளில் காயும். மேகமூட்டமான குளிர்நாளில் 10 நாளானாலும் காயாது. மண்ணைக் கேட்க வேண்டும். மேல்மண் 4, 5 செ.மீ. ஆழம் வரை உலர்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். விரலுக்கு எட்டாத ஆழத்துக்கு ஒரு மூங்கில் குச்சியைச் செருகி, 10 நிமிடம் கழித்து உருவுங்கள். ஈரமாக வந்தாலோ மண் ஒட்டினாலோ இன்னும் காத்திருக்கலாம். எல்லாவற்றையும்விட நம்பகமானது எடை. நனைத்து வடிந்ததும் தொட்டியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள், காய்ந்தபின் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

ஊற்றும்போது அடித்துளை வழியாக வழியும் வரை ஊற்றி, தட்டில் சேர்ந்ததைக் கொட்டிவிடுங்கள். நாளுக்கு ஒரு குவளை என்று மேலாகத் தெளிப்பது இரண்டு வகையிலும் கெடுதல்: மேல்மண் எப்போதும் ஈரமாக இருந்து தண்டின் கழுத்து அழுகும், அடிவேருக்கோ தண்ணீரே போய்ச் சேராது. இலைமேல் தெளிப்பதும் தேவையில்லை. அடிப்புறப் பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொண்டால் பூசண நோய்களுக்கு அது வசதி.

மழைக்காலத்தில் தொட்டியைக் கூரையின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். காற்றும் வெளிச்சமும் அங்கே குறையக் கூடாது.

வெயில்

நாளுக்குக் குறைந்தது 6 மணிநேரம் நேரடி வெயில். இதில் பேரமே கிடையாது. நிழலில் வளரும் ரோஸ்மேரியின் கணுக்களுக்கு இடையே தூரம் கூடி, தண்டு ஒல்லியாக நீண்டு, வாசனையும் மங்கிவிடும். சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள இடம் நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் செடிக்கு அது பாதி இருட்டு. இதுவரை நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் உச்சி வெயிலில் வைக்காமல், 7 முதல் 10 நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். குளிர் விஷயத்தில், வடிகால் நன்றாக இருந்தால் பெரும்பாலான வகைகள் −10 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ‘ஆர்ப்’ என்ற வகை அதைவிடக் கூடுதலாகவும் தாங்கும்.

உரம் ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரு தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மக்கிய உரம் போதும். தழைச்சத்து கூடினால் இளந்தளிர்கள் கொழுகொழுவென்று வளரும். அசுவினிக்கும் சாம்பல் நோய்க்கும் அவைதான் முதல் இரை.

செடி வாடுகிறது: எதனால்?

ரோஸ்மேரியின் பெரிய சிக்கல், அது தன் கஷ்டத்தைத் தாமதமாகச் சொல்லும். துளசிக்குத் தண்ணீர் இல்லையென்றால் இலை தொங்கிவிடும், ஊற்றினால் ஒரு மணிநேரத்தில் நிமிரும். ரோஸ்மேரி இலை விறைப்பானது. உள்ளே ஈரம் போனபின்னும் பச்சையாக, நிமிர்ந்தே நிற்கும். பார்வைக்குத் தெரியும்போது நாள்கள் ஓடியிருக்கும்.

வேர் அழுகினாலும் வறட்சி வந்தாலும் மேலே தெரிவது கிட்டத்தட்ட ஒன்றுதான்: நுனிகள் தொய்கின்றன, இலை சாம்பல் பூத்த பழுப்பாகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஈரத்தின் நடுவிலேயே செடி தாகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவதுதான் கடைசி அடியாக அமைகிறது. ஆகவே வாடிய ரோஸ்மேரிக்குத் தண்ணீர் ஊற்றும் முன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

மண் காய்ந்து, தொட்டி இலேசாக இருந்து, இலைகள் மொறுமொறுவென்று உதிர்ந்தால் அது வறட்சி. முழுக்கக் காய்ந்த வேர்க்கட்டி தண்ணீரை ஏற்காது. ஊற்றியது தொட்டியின் ஓரமாக வழிந்து போய்விடும். வாளித் தண்ணீரில் தொட்டியை 20, 30 நிமிடம் அமிழ்த்தி வைத்து, எடுத்து வடியவிடுங்கள். தண்டில் நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் நம்பிக்கை உண்டு.

மண் ஈரமாக இருந்து, அடியிலைகள் மஞ்சளாகவோ கறுப்பாகவோ மாறி, நுனி துவண்டிருந்தால் வேர் அழுகல். செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுங்கள். நல்ல வேர் வெண்மையாகவோ இளம்பழுப்பாகவோ உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கரும்பழுப்பாக, வழவழவென்று இருக்கும். விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். நாற்றமும் வரும். அழுகியதையெல்லாம் சுத்தமான கத்தரியால் உறுதியான பகுதி வரை வெட்டுங்கள். வேர் குறைந்த அளவுக்கு மேலேயும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் மிஞ்சிய வேரால் அத்தனை இலைகளுக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. புதுக் கலவையில், முன்பைவிடச் சிறிய தொட்டியில் நட்டு, ஒரு வாரம் வெளிச்சமான நிழலில் வையுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம். பாதிக்குமேல் வேர் போயிருந்தால் பிழைப்பது கஷ்டம். அப்போது பச்சையாக இருக்கும் நுனிகளை உடனே வெட்டி, குச்சி நட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

குச்சி நட்டுப் பெருக்குதல்

விதையிலிருந்து வளர்ப்பதைத் தொடக்கக்காரர்களுக்குச் சொல்ல மாட்டோம். முளைப்புத்திறன் குறைவு, முளைக்க 2 முதல் 4 வாரம், செடியாக நிற்க ஓராண்டு. தாய்ச்செடியின் குணம் அப்படியே வரும் என்பதும் இல்லை. குச்சி அப்படியில்லை.

பூ இல்லாத நுனிக்கிளையாகத் தேர்ந்தெடுங்கள். நுனி இளம்பச்சையாக, அடி இலேசாக முற்றத் தொடங்கியிருக்க வேண்டும். வளைத்தால் வளையும், ஆனால் ஒடிந்து தொங்காது. முழுக்க இளசாக இருந்தால் அழுகும். முழுக்கக் கட்டையாக இருந்தால் வேர்விட மாதங்கள் ஆகும். 8 முதல் 10 செ.மீ. நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். கணுவிலிருந்துதான் வேர் எளிதாக வரும். அடியிலிருந்து பாதிக்குமேல் இலைகளை உருவிவிடுங்கள்; மண்ணுக்குள் ஓர் இலைகூடப் போகக் கூடாது. அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். வேர் ஊக்கிப் பொடி இருந்தால் அடியை அதில் தொட்டு எடுத்து, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டாலும் ரோஸ்மேரி வேர்விடும்.

குச்சி நடும் கலவைக்குப் பாதி பெர்லைட், பாதி பருமணல், அல்லது வெறும் பருமணலே போதும். உரம் வேண்டாம். முதலில் ஒரு குச்சியால் துளை போட்டு, அதில் 4 செ.மீ. ஆழம் இறக்கி, சுற்றிலும் அழுத்துங்கள். நேரடியாகக் குத்தினால் அடித்தோல் உரியும். 10 குச்சி வைத்தால் சில தவறும் என்று வைத்துக்கொண்டு, தேவைக்கு இரண்டு மடங்காக வையுங்கள்.

வெளிச்சமான நிழல், 18 முதல் 24 டிகிரி வெப்பம். மேலே பிளாஸ்டிக் பை கவிழ்ப்பதானால் தளர்வாகக் கவிழ்த்து, தினமும் சிறிது நேரம் திறந்துவிடுங்கள். புதினாவுக்கும் செம்பருத்திக்கும் மூடி வைப்பது சரி. ரோஸ்மேரியின் மயிரடர்ந்த இலை மூடிய ஈரத்தில் பூசணம் பிடிக்கும்.

4 முதல் 8 வாரத்தில் வேர் வரும். இடையில் புதுத்தளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். தண்டில் சேமித்த சத்திலிருந்தும் தளிர்விடும். மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடிப்பு இருந்தால் வேர் இருக்கிறது. அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் சந்தேகமே இல்லை. அப்போது 8 செ.மீ. தொட்டிக்கு மாற்றுங்கள். செடி 12 செ.மீ. உயரம் ஆனதும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளைகள் வரும்.

குவளைத் தண்ணீரில் வைத்தும் வேர்விடச் செய்யலாம். 2 நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். ஒன்றிரண்டு செ.மீ. வேர் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். நீண்டு வளர்ந்த தண்ணீர் வேர்கள் மண்ணில் எளிதாக ஒடியும். படர்ந்து வளரும் வகையாக இருந்தால் பதியன் இன்னும் சுலபம்: தாழ்ந்த கிளையின் அடித்தோலை 2 செ.மீ. அளவுக்குச் சுரண்டி, மண்ணில் அழுத்திக் கல் வைத்தால் சில மாதங்களில் தானே வேர்பிடிக்கும்.

கவாத்து

கிளையை நுனியிலிருந்து அடிவரை பாருங்கள். பச்சை இலையுள்ள பகுதி, பிறகு இலையே இல்லாத பழுப்புக் கட்டை. வெட்டு எப்போதும் பச்சைப் பகுதிக்குள் இருக்க வேண்டும். பழுப்புக் கட்டையில் உறங்கும் மொட்டுகள் மிகக் குறைவு. அங்கே வெட்டினால் அந்தக் கிளை பெரும்பாலும் துளிர்க்காது. பல ஆண்டு வெட்டாமல் விட்ட செடியை ஒரேயடியாக அடியோடு வெட்டிப் புதுப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதற்குப் புதுக்குச்சி நடுவதே வழி. பூத்து முடிந்தபின், ஒருமுறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வெட்டுங்கள். நடுவில் நெருக்கமாக இருக்கும் கிளைகளில் ஒன்றிரண்டை அடியோடு எடுத்தால் காற்று உள்ளே போகும்.

பூச்சித் தொல்லை பெரிதாக இருக்காது. காற்றில்லாத இடத்தில் வெள்ளை ஈ, செஞ்சிலந்திப்பேன், சாம்பல் நோய் வரலாம். இடத்தை மாற்றுவதே முதல் மருந்து. பச்சையில் ஊதாக் கோடுகளோடு உலோகம்போல மின்னும் ரோஸ்மேரி வண்டு ஐரோப்பாவில் இலையைத் தின்னும். கையால் பொறுக்கிவிட்டால் போதும்.

எண்ணெய் என்றால் எந்த எண்ணெய்?

தலைமுடிக்கு ரோஸ்மேரி எண்ணெய் என்று இணையத்தில் படிக்கும்போது, இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே பெயர் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று நறுமண எண்ணெய்: நீராவியில் வடித்து எடுத்தது, சினியோல், கற்பூரம், பைனீன் போன்ற மணப்பொருள்கள் செறிந்தது. அதை அப்படியே தோலில் தடவினால் எரிச்சலும் ஒவ்வாமையும் வரும். 30 மி.லி. தாங்கு எண்ணெயில் (தேங்காயெண்ணெய் போன்ற, கலப்பதற்கான சாதாரண எண்ணெய்) 6 சொட்டு போட்டால் சுமார் 1 சதவீதம். தொடங்குவதற்கு அந்த அளவு போதும். இன்னொன்று, இலையை வேறு எண்ணெயில் ஊறவைத்தது. இதில் செறிவு மிகவும் குறைவு. பச்சை இலையை எண்ணெயில் மூழ்கடித்து நாள்கணக்கில் வெளியே வைப்பது ஆபத்து. இலையின் ஈரமும் காற்றில்லாத எண்ணெயும் சேர்ந்தால் பாட்டுலிசம் என்ற உயிருக்கு ஆபத்தான நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரலாம். ஊறவைக்க நன்றாகக் காய்ந்த இலையை மட்டும் எடுங்கள்.

முடி வளர்கிறதா? 2015இல் வெளியான ஓர் ஈரானிய ஆய்வில், பரம்பரை முடி உதிர்வு உள்ள 100 பேரில் பாதிப்பேருக்கு ரோஸ்மேரி எண்ணெயும் மீதிப்பேருக்கு முடி உதிர்வுக்குத் தடவும் மருந்தான 2 சதவீத மினாக்சிடிலும் கொடுத்தார்கள். 6 மாத முடிவில் இரண்டு குழுவிலும் முடி எண்ணிக்கை கூடியிருந்தது, இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் எந்த மருந்தும் தடவாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை, ஆட்களும் குறைவு. இதை வைத்து உறுதி சொல்ல முடியாது. வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் விஷயத்தில் நறுமண எண்ணெயை மருத்துவரிடம் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்.

இலையை உலர்த்துவது எளிது. பனி காய்ந்தபின் காலையில் கிளைகளை வெட்டி, ஐந்தாறாகச் சேர்த்துக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெயிலிலோ 40 டிகிரிக்கு மேலான சூட்டிலோ உலர்த்தினால் எண்ணெய் பறந்துவிடும். ஒன்று முதல் இரண்டு வாரத்தில், இலையை வளைத்தால் ‘டக்’கென்று ஒடியும். அப்போது காம்பிலிருந்து உருவி, பொடிக்காமல் முழு இலையாகவே காற்றுப்புகாத கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். பொடித்தால் சுரப்பிகள் உடைந்து மணம் சீக்கிரம் போய்விடும். மூன்று நாள் கழித்துப் புட்டியைப் பாருங்கள். உள்சுவரில் ஈரம் பூத்திருந்தால், எல்லாவற்றையும் கொட்டி இன்னும் இரண்டு நாள் காயவிட்டு மறுபடி நிரப்புங்கள்.